புகைபோக்கிக்கு அனுமதி வேண்டுமா? கேள்வி-பதில்

கே: அடுக்களையில் பழைய விறகடுப்பு மேடையை இடித்துவிட்டு அதே இடத்தில் புதிதாகக் கட்டுகிறோம். அனுமதி வேண்டுமா? (தொண்டி)

ப: வேண்டாம். சுவரில் கை வைக்காதவரை அது பழுதுபார்ப்பு வேலைதான்.

கே: ஓட்டு வீட்டில் புகைபோக்கி வைக்க வேண்டும். என்ன மாதிரி வைப்பது? (தேவிபட்டினம்)

ப: அஸ்திவாரம் போட்டு எழுப்பும் செங்கல் புகைபோக்கி என்றால் அது கட்டுமானம். வரைபடத்தில் காட்டுங்கள். முகட்டுக்கு மேல் 2 அடியாவது நிற்க வேண்டும். மொட்டை மாடியாக இருந்தால் தளத்துக்கு மேல் 3 அடி, கைப்பிடிச் சுவரை விடத் தாழக் கூடாது. தகட்டுக் குழாய் என்றால் பனங்கைக்கும் (கூரையைத் தாங்கும் பனைமரச் சட்டம்) குழாய்க்கும் நடுவே ஒன்றரை அடி விடுங்கள். ஜி.ஐ. தகடு (துத்தநாகம் பூசிய இரும்பு) உப்புக் காற்றில் சீக்கிரம் துருப்பிடித்து ஓட்டையாகும், 316 ரக எவர்சில்வர் வாங்குங்கள். பிவிசி குழாயைப் பற்றி இன்னும் இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். உருகும். பக்கத்து வீட்டில் ஓலைக் கூரையா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கே: கடலுக்குப் பக்கத்தில் இடம் இருக்கிறது. கட்டலாமா?

ப: எந்தக் கடல்? நம் ராமநாதபுரம் மாவட்டத்தில் பாக் நீரிணையும் இருக்கிறது, மன்னார் வளைகுடாவும் இருக்கிறது. ஊர், சர்வே எண் இல்லாத கடிதத்துக்குப் பதில் கிடையாது.

கே: வீட்டுக்குப் பின்னால் தனிக் கொட்டகை போட்டு, செங்கல் அடுப்பும் புகைபோக்கியும் கட்டப் போகிறேன். கடல் 150 மீட்டர் இருக்கும். ஊராட்சித் தலைவர் ‘கட்டிக்கோங்க’ என்று சொல்லிவிட்டார், வீட்டு வரி ரசீதும் இருக்கிறது. போதுமா? (பெரியபட்டினம்)

ப: போதாது. தலைவர் வாயால் சொன்னது அனுமதி ஆகாது. கையெழுத்திட்ட உத்தரவு எண், முத்திரை குத்திய வரைபடம் இரண்டும் கையில் இருந்தால்தான் அனுமதி. வரி ரசீது நீங்கள் வரி கட்டியதற்குச் சாட்சி, கட்ட விட்டதற்கு அல்ல. மின் இணைப்பு அட்டையும் அப்படியே. எத்தனை முறை எழுதினாலும் இந்த ரசீதைத்தான் நீட்டுகிறீர்கள்! விற்கப் போகும்போதோ வங்கிக் கடன் கேட்கும்போதோதான் அது உதவாது என்று தெரிகிறது.

அடுத்தது அந்த 150 மீட்டர். வள்ளம் கட்டும் இடத்திலிருந்து காலடி வைத்து அளந்தது செல்லாது. உயர் அலைக் கோட்டிலிருந்துதான் (அலை ஏற்றத்தில் கடல் நீர் எட்டும் எல்லை) கணக்கு, அது கடலோர மண்டல மேலாண்மை வரைபடத்தில் இருக்கும். கடலோர ஒழுங்குமுறை மண்டல விதியின் 2011 அறிவிக்கையில் ஊரகப் பகுதிக்குக் கட்டுமானத் தடை 200 மீட்டர். 2019 அறிவிக்கையில் சதுர கிலோமீட்டருக்கு 2161 பேருக்கு மேல் வசிக்கும் இடங்களுக்கு 50, மற்றவற்றுக்கு அதே 200. உங்கள் சர்வே எண் எதில் விழுகிறது என்று ஆட்சியர் அலுவலகத்தில் பாருங்கள். தடைப் பகுதிக்குள் என்றால், ஏற்கெனவே அனுமதி பெற்ற வீட்டை அதே தரைப்பரப்புக்குள் பழுதுபார்க்கலாம், புதுக் கொட்டகை பொதுவாகக் கூடாது. ஆகவே அடுப்பை இருக்கிற அடுக்களைக்குள்ளேயே வையுங்கள்.

எஃப்எம்பி (நில அளவைப் புலப்படம்) நகல், அளவு போட்ட கைவரைபடம் இரண்டையும் சேர்த்து ஊராட்சிக்கு மனு எழுதி, ஒப்புகை வாங்குங்கள். பதில் வராவிட்டால் 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமை மனு. 30 நாளில் எழுத்தில் பதில் தர வேண்டும். எழுத்தில்!

கே: சுயசான்று முறையில் வாங்கினால் கடலோர விதி பொருந்தாதாமே? (மண்டபம்)

ப: யார் சொன்னது? 2024 ஜூலையில் வந்த அந்த வசதி 2500 சதுர அடி மனை, 3500 சதுர அடி வீடு வரை. உங்கள் சொல்லை நம்பித் தருகிறார்கள், பொய் சொன்னால் பொறுப்பும் உங்களுடையதே. கடலோர விதி அப்படியே நிற்கும்.

கே: மாடியில் உயரமான புகைபோக்கி வைக்கலாமா? (உச்சிப்புளி)

ப: பருந்து கடற்படை விமானத் தளம் பக்கத்தில் இருக்கிறது. உயரத்துக்குத் தடையின்மைச் சான்று வேண்டுமா என்று முதலில் எழுதிக் கேளுங்கள்.

கே: புகைபோக்கியிலிருந்து கருப்புத் தண்ணீர் வடிகிறது. (சாயல்குடி)

ப: பச்சைச் சீமைக்கருவேலை எரிக்கிறீர்கள். ஈரம் ஆவியாகி மேலே குளிர்ந்து, கரியோடு சேர்ந்து வடிகிறது; அந்தப் படிவு தீப்பிடிக்கும். விறகைப் பிளந்து ஆறு மாதம் காயவிடுங்கள், ஐப்பசி மழைக்கு முன் உள்ளே சுரண்டிவிடுங்கள்.