வயிற்றை வருத்தாத கூட்டு: வாசகர் கேள்விகள்

மாமனாருக்கு 74 வயது. கோஸ் பொரியல் சாப்பிட்டால் வயிறு உப்பிக்கொள்கிறது. வேறு எந்தக் காய் தரலாம்?

கோஸைக் கொஞ்ச நாள் நிறுத்திப் பாருங்கள். அதிலுள்ள சிலவகைச் சர்க்கரைகள் சிறுகுடலில் செரிக்காது. பெருங்குடலுக்குப் போய் நுண்ணுயிர்களிடம் சிக்கி வாயுவாகும். குழைய வேகவைத்தாலும் அந்தக் குணம் பெரிதாகக் குறையாது. சுரைக்காய், புடலங்காய், சௌசௌ, பிஞ்சுப் பீர்க்கங்காய் என்று மாற்றி மாற்றிக் கூட்டு வையுங்கள். தோல் சீவி, விதை எடுத்து, பொடியாக நறுக்க வேண்டும். பாசிப்பருப்பு ஒருவருக்கு ஒரு மேசைக்கரண்டி போதும். ஊறவைத்த தண்ணீரைக் கொட்டிவிட்டு வேகவையுங்கள். அப்புறம், தாளிப்பில் கடலைப்பருப்பு வேண்டாம். பல் ஆடுகிறவருக்கு அது வேறு தொல்லை.

உப்புசத்தோடு எடை குறைந்தாலோ மலத்தில் ரத்தம் தெரிந்தாலோ, காயை மாற்றிக்கொண்டிருக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

பூண்டு எனக்குச் சேராது. ஆனால் அந்த வாசனை இல்லாமல் சாப்பாடு இறங்கவில்லை!

வழி இருக்கிறது. பலருக்குப் பூண்டில் ஒத்துக்கொள்ளாதது ஃபிரக்டான் என்ற சர்க்கரைத் தொடர். அது தண்ணீரில் கரையும், எண்ணெயில் கரையாது. வாசனையோ எண்ணெயில் நன்றாக இறங்கும். ஆகவே தட்டிய பூண்டை எண்ணெயில் பொன்னிறமாக வதக்கி, துணுக்கு விடாமல் எடுத்துவிட்டு, பிறகு காயைப் போடுங்கள். கூட்டில் கொதிக்கவிட்டுக் கடைசியில் பொறுக்கி எடுப்பது வீண் வேலை. சேராதது அதற்குள் குழம்பில் கலந்திருக்கும். வெங்காயத்துக்கும் இதே கதைதான்.

பெருங்காயம் தாராளமாகப் போடலாம். ஆனால் கடையில் வாங்கும் பெருங்காயத்தில் பெரும்பாலும் மாவு கலந்திருக்கும். கோதுமை ஆகாதவர்கள் டப்பாவின் பின்பக்கத்தைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

எவ்வளவு நேரம் கொதித்தாலும் அவரைக்காய் நறுக்கு நறுக்கென்றே இருக்கிறது. சோடா உப்பு போடலாமா?

புளியை எப்போது ஊற்றுகிறீர்கள்? காயின் செல்களை ஒட்டிவைத்திருப்பது பெக்டின். புளிப்பு பட்டால் அது சீக்கிரம் இளகாது. தக்காளியும் அப்படித்தான். எங்கள் வீட்டில் காய் விரலால் நசுங்கிய பிறகுதான் புளிக்கரைசல் பக்கம் கை போகும். சோடா உப்பு காயைச் சட்டென்று குழைத்துவிடும், சரி. கூடவே பி1, சி வைட்டமின்களையும் அழிக்கும், சோப்பு நெடியும் அடிக்கும். எனக்கு அது பிடிப்பதில்லை.

சுரைக்காய் லேசாகக் கசந்தது. சர்க்கரை போட்டுச் சரிசெய்யலாமா?

கூடவே கூடாது, கொட்டிவிடுங்கள். அந்தக் கசப்பு குக்குர்பிடாசின் என்ற நஞ்சு. வேகவைத்தாலும் போகாது. கடும் வாந்தி, ரத்தப்போக்கு வரை கொண்டுபோய்விடும். நறுக்கும்போதே ஒரு துணுக்கை நாக்கில் வைத்துப் பார்த்துத் துப்பிவிடுங்கள்.

மிளகாய்க்குப் பதில் மிளகு போட்டால் நெஞ்செரிச்சல் வராதுதானே?

பத்தியம் என்றாலே மிளகை அள்ளிப் போடுகிறோம். சிலருக்கு அதுவும் எரியும். ஒரு வாரம் இரண்டையும் விட்டு, தேங்காய், சீரகம் மட்டும் அரைத்துவிட்டுப் பாருங்கள். தேங்காய் ஒரு கைப்பிடிக்கு மேல் வேண்டாம்.