காமிகின் தீவின் தேதிகள் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பிலிப்பைன்ஸின் காமிகின் தீவு மாகாணத்துக்கு ஒரு காலவரிசை தொகுத்துக்கொண்டிருக்கிறேன். மூன்று இடங்களில் சிக்கிக்கொண்டேன். 1871இல் வெடித்தது ஹிபோக்-ஹிபோக் எரிமலை என்கிறார்கள் சிலர், வல்கன் என்கிறார்கள் சிலர். 1951 வெடிப்பில் இறந்தவர்கள் ஓரிடத்தில் 500, இன்னோரிடத்தில் 3,000. மாகாணம் உருவான ஆண்டும் 1966, 1968 என்று இரண்டாக இருக்கிறது. எதை எழுதுவது?

அன்புடன்,
ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

1871க்கு வல்கன் என்றே எழுதுங்கள். ஹிபோக்-ஹிபோக்கின் பக்கவாட்டில் பிறந்த குன்று அது. எரிமலைப் பட்டியல்கள் தாய்மலையின் பெயரிலேயே அந்த வெடிப்பையும் சேர்த்துவிடுவதால்தான் இந்தக் குழப்பம். தாய்மலையின் பெயரை மட்டும் போட்டால், 1,332 மீட்டர் உயர உச்சி அன்று வெடித்ததாகப் படிப்பவர் நினைத்துக்கொள்வார். உண்மையில் பிளந்தது பழைய கதர்மான் ஊருக்குப் பக்கத்து நிலம்.

அந்த வெடிப்பை ஒரே தேதியில் அடைக்கவும் முடியாது. பிப்ரவரி நடுவில் நிலநடுக்கம் தொடங்கி, வாரக்கணக்கில் வலுத்து, ஏப்ரல் 30 அன்று நிலம் பிளந்தது. அதன்பின் நான்கு ஆண்டுகள் எரிமலைக் குழம்பு வந்துகொண்டே இருந்தது. 1875இல் அவ்வழியே வந்த பிரிட்டிஷ் ஆய்வுக் கப்பல் சேலஞ்சரில் இருந்தவர்கள் கண்டது 1,950 அடி உயரக் குவிமாடம். உச்சியில் வாய் இல்லை. ஆனாலும் புகைந்துகொண்டிருந்தது, தணல் தெரிந்தது. ஆகவே '1871–1875' என்று எழுதி, ஏப்ரல் 30ஐத் தொடக்க நாளாகக் குறியுங்கள். ஊர் அழிந்ததும் மக்கள் வேறிடத்தில் குடியேறினார்கள். இன்றைய கதர்மான் அந்தப் புதிய இடம்தான். பழைய ஊரின் எச்சம் போன்போனில் இருக்கிறது: பவளக்கல்லால் கட்டிய தேவாலயத்தின் கூரையில்லாத தடித்த சுவர்கள். ஊரின் கல்லறைத் தோட்டம் கடலுக்குள் இறங்கிவிட்டது. அந்த இடத்தில் நீருக்கு மேலே நிற்கும் பெரிய சிலுவை 1982இல் வைக்கப்பட்டது. படங்களில் அதைப் பார்த்துவிட்டு '1871இல் மூழ்கிய சிலுவை' என்று எழுதிவிடுகிறார்கள். நீங்கள் அப்படி எழுதிவிடாதீர்கள்.

இரண்டாவது கேள்விக்குத்தான் அதிகக் கவனம் வேண்டும். 1948 செப்டம்பரில் தொடங்கிய ஹிபோக்-ஹிபோக் வெடிப்பு 1953 வரை நீண்டது. அதன் மிகக் கொடிய நாள் 1951 டிசம்பர் 4. எரிமலையியல் பதிவுகள் தரும் கணக்கு ஏறத்தாழ 500 பேர். காலவரிசையில் அதையே போடுங்கள். 3,000 என்ற எண் வேறு பதிவுகளில் இருப்பதை அடிக்குறிப்பில் சொல்லுங்கள். இரண்டையும் கூட்டி நடுவில் ஓர் எண்ணைப் போடுவது பெரிய பிழை. வெடிப்புக்கு முன் சுமார் 69,000 ஆக இருந்த தீவின் மக்கள்தொகை பிறகு சுமார் 34,000 ஆனது. இது மக்கள் பிழைப்புக்காக வேறு ஊர்களுக்குப் போனதால் வந்த குறைவு. இதை இறப்புக் கணக்கோடு கலக்கக் கூடாது.

'கொதிக்கும் குழம்பில் சிக்கி இறந்தார்கள்' என்ற வரியையும் எடுத்துவிடுங்கள். ஹிபோக்-ஹிபோக்கின் குழம்பு கெட்டியானது. தூரம் ஓடாது, வாயிலேயே குவிந்து நிற்கும். அந்தக் குவியல் சரியும்போது தணல் கல்லும் சாம்பலும் சூடான வாயுவும் ஒன்றாகச் சேர்ந்து சரிவில் பாயும். இதுதான் அனல் மேகம். ஓடித் தப்ப முடியாத வேகம் அதற்கு. தலைநகர் மம்பஹாவ் பக்கத்து மக்களைக் கொன்றது அதுதான்.

இதற்கு அடுத்த வரியாக 1952 ஜூன் 20ஐக் கட்டாயம் சேருங்கள். எரிமலை ஆணையம் ஒன்றை அமைக்கும் சட்டம், குடியரசுச் சட்டம் 766, அன்று வந்தது. பிலிப்பைன்ஸின் இன்றைய எரிமலை, நிலநடுக்க ஆய்வு நிறுவனமான பிவோல்க்ஸ் அதன் வழிவந்தது. ஒரு சின்னத் தீவின் சாவுகள் நாடு முழுவதற்கும் எரிமலைக் கண்காணிப்பைக் கொண்டுவந்தன. பெரும்பாலான காலவரிசைகளில் இந்த வரி இல்லாதது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

மாகாணத்தைப் பொறுத்தவரை இரண்டுமே சரி. மிசாமிஸ் ஓரியந்தாலின் துணை மாகாணமாக இருந்த காமிகினைத் தனி மாகாணமாக்கிய சட்டம் 1966 ஜூன் 18இல் வந்தது. முறைப்படியான தொடக்கம் 1968இல். 'உருவாக்கம்', 'தொடக்கம்' என்று இரண்டு வரிகளாகப் போட்டால் போதும்.

ஸ்பானியர் கால நாட்களுக்குக் கிழமை கணக்கிடும்போது ஒன்றை நினைவில் வையுங்கள். மெக்சிகோ வழியாக வந்தவர்களின் நாட்கணக்கு ஆசியாவின் மற்றப் பகுதிகளைவிட ஒரு நாள் பின்தங்கியிருந்தது. அதைச் சரிசெய்ய பிலிப்பைன்ஸில் 1844 டிசம்பர் 31ஐ அப்படியே விட்டுவிட்டார்கள். 30க்கு மறுநாள் 1845 ஜனவரி 1. அதற்கு முந்தைய தேதிகளுக்கு இன்றைய நாட்காட்டியில் கிழமை பார்த்தால் ஒரு நாள் தவறும். காமிகினில் முதல் பெரிய ஸ்பானியக் குடியிருப்பு 1679இல் இன்றைய கின்சிலிபான் பகுதியில் அமைந்தது. ஆண்டை மட்டும் குறிப்பதால் அதற்கு இந்தச் சிக்கல் இல்லை.

உங்கள் வரைவில் தலைநகரை 'மம்பஜாவோ' என்று எழுதியிருக்கிறீர்கள். ஸ்பானிய எழுத்துமுறைப்படி அங்கே வரும் ஒலி ஜ அல்ல, ஹ. மம்பஹாவ் என்று மாற்றிவிடுங்கள்.