வெளியிடங்களில் குழந்தையின் கழிப்பறைப் பழக்கம்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: இரண்டரை வயது மகன் வீட்டில் டயப்பர் இல்லாமல் இருக்கப் பழகிவிட்டான். நீண்ட பயணத்துக்காக மீண்டும் டயப்பர் போட்டால் பழகியதெல்லாம் வீணாகிவிடுமா?

பதில்: டயப்பர் போடுவதால் வீணாகாது; "டயப்பரிலேயே போய்விடு" என்று நீங்கள் சொல்வதால்தான் வீணாகும். இந்த வயதில் சிறுநீர்ப்பை ஏறத்தாழ 90 முதல் 120 மில்லிலிட்டர் வரைதான் கொள்ளும் என்பதால், அவன் "வருது" என்று சொன்ன பிறகு அதிக நேரம் காத்திருக்க முடியாது. ஆகவே, பாதுகாப்புக்காக டயப்பர் போட்டிருந்தாலும், அவன் கேட்கும்போதெல்லாம் வண்டியை நிறுத்துங்கள். கேட்காவிட்டாலும் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அழைத்துச் செல்லுங்கள். கேட்டால் பெரியவர்கள் செவிசாய்ப்பார்கள் என்ற நம்பிக்கைதான் இந்தப் பழக்கத்தின் அடித்தளம்.

கேள்வி: மூன்று வயது மகள் உறவினர் வீட்டுக்கு வந்து நான்கு நாட்களாக மலம் கழிக்கவில்லை. திரைக்குப் பின்னால் போய்க் கால்களைப் பின்னிக்கொண்டு நிற்கிறாள். முக்கியும் வரவில்லையோ?

பதில்: அவள் முக்கவில்லை, அடக்குகிறாள். நுனிக்காலில் நிற்பது, தொடைகளை இறுக்கிக்கொள்வது, முகம் சிவக்க மூலையில் ஒளிவது ஆகியவை பெரும்பாலும் மலத்தை உள்ளேயே நிறுத்திவைக்கும் முயற்சியே. வந்திருக்கும் கேள்விகளில் நான் மிகவும் கவலையோடு பார்ப்பது இதைத்தான். தங்கிய மலத்திலிருந்து பெருங்குடல் நீரை உறிஞ்சிக்கொண்டே இருப்பதால் அது இறுகிப் பெரிதாகிறது, வெளியேறும்போது வலிக்கிறது, வலித்ததால் குழந்தை அடுத்த முறை இன்னும் கெட்டியாக அடக்குகிறது. இது நீடித்தால் மலக்குடல் விரிந்து உணர்வு மழுங்கும். இறுகிய மலத்தைச் சுற்றி நீர்த்த மலம் கசிந்து உள்ளாடையில் படுவதை வயிற்றுப்போக்கு என்று எண்ணி அதற்கு மருந்து கொடுத்துவிடும் பெற்றோர் உண்டு. அது நிலைமையை மோசமாக்கும்.

சாப்பிட்டதும் குடல் இயல்பாகவே அசையத் தொடங்கும். ஆகவே உணவுக்குப் பின் அரை மணி நேரத்துக்குள், ஐந்து நிமிடம் மட்டும், கதை சொல்லியபடி உட்கார வையுங்கள். கால்கள் அந்தரத்தில் தொங்கினால் முக்க முடியாது. பாதங்கள் ஒரு முக்காலியில் ஊன்றி, முழங்கால்கள் இடுப்பைவிடச் சற்று உயர்ந்திருக்க வேண்டும். வீட்டில் பயன்படுத்தும் குழந்தைக்கான கழிப்பறை இருக்கையையே உடன் கொண்டுசெல்வது நல்லது. டயப்பரில்தான் போவேன் என்று அவள் கேட்டால், தயங்காமல் கொடுங்கள்: மலம் வெளியேறுவது முதலில், எங்கே என்பது பிறகு. தண்ணீரும் பழங்களும் தாராளமாக இருக்கட்டும். மலமிளக்கியையோ எனிமாவையோ நீங்களாகக் கொடுக்க வேண்டாம். நான்கு நாட்கள் ஆகிவிட்டதால் மருத்துவரிடம் இப்போதே பேசுங்கள். வயிறு உப்பல், வாந்தி, காய்ச்சல், மலத்தில் இரத்தம், கடும் வலி ஆகியவற்றில் ஏதேனும் இருந்தால் அன்றே நேரில் காட்டுங்கள்.

கேள்வி: பொதுக் கழிப்பறையில் தானாகவே ஃப்ளஷ் ஆகும் சத்தத்துக்குப் பயந்து மகன் அலறுகிறான்.

பதில்: சிறிய உடல் சென்சாரின் பார்வையில் படாமல் போவதால், அவன் உட்கார்ந்திருக்கும்போதே தண்ணீர் பாய்ந்துவிடுகிறது. ஒட்டும் தாள் ஒன்றைக் கைப்பையில் வைத்திருந்து சென்சாரின் மேல் ஒட்டிவிடுங்கள். அவன் வெளியே போய்க் காதைப் பொத்திக்கொண்ட பின் எடுத்துவிடலாம். அந்தத் தாளை ஒட்டும் வேலையை அவனிடமே கொடுத்தால் பயம் இன்னும் விரைவில் குறையும்.

கேள்வி: வெளியே கிளம்பும் நாட்களில் தண்ணீரைக் குறைத்துக் கொடுக்கலாமா?

பதில்: கூடாது. நீர் குறைந்தால் மலம் இறுகும். சிறுநீர் அடர்ந்து எரிச்சலும் தரலாம். கிளம்பும் முன்பும் போய்ச் சேர்ந்ததும் கழிப்பறைக்கு அழைத்துச் செல்லுங்கள். இரண்டு மாற்றுடைகளும், நனைந்ததைப் போட இறுக மூடும் ஒரு பையும் கையில் இருந்தால் போதும். நனைந்துவிட்டால் மற்றவர்கள் முன்னிலையில் அதைப் பேசாமல், ஓரமாக அழைத்துச் சென்று மாற்றிவிடுங்கள்.

கேள்வி: ஊரிலிருந்து திரும்பிய பிறகு மகள் மறுபடியும் உடையை நனைக்கிறாள்.

பதில்: இடமும் நேர ஒழுங்கும் மாறும்போது இது நடப்பதுதான். பழைய நேர ஒழுங்குக்குத் திரும்பினால் பெரும்பாலும் சில நாட்களில் சரியாகும். சிறுநீர் கழிக்கையில் அழுதாலோ, அடிக்கடி சொட்டுச் சொட்டாகப் போனாலோ, காய்ச்சல் இருந்தாலோ சிறுநீர்த் தொற்றுக்கான பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள்.