சுட்டவன் வாய் திறந்தால்: புதுக்கடைச் சட்டத்தரணியின் பதில்கள்

முப்பது வருடத்துக்கு மேல், கொழும்பின் நீதிமன்றப் பகுதியான புதுக்கடையில் குற்றவியல் வழக்குப் பேசியவன் நான். கூலிக்குக் கொலை செய்து, பிறகு அதைவிட்டு வெளியே வந்தவர்களைப் பற்றித்தான் இன்றைய கேள்விகள். கேட்டவரின் ஊரை முன்னால் போட்டிருக்கிறேன்.

வெள்ளவத்தை: யூடியூபில் ஒரு பழைய அமெரிக்க மாஃபியாக்காரர் கதை சொல்கிறாரே அங்கிள், நம்பலாமா?

சாமி கிராவானோவைச் சொல்கிறீர்கள் போல. 19 கொலைகளில் பங்கு உண்டு என்று ஒப்புக்கொண்டவர். 1992இல் தன் தலைவர் ஜான் கொட்டிக்கு எதிராகச் சாட்சி சொன்னார். கொட்டிக்கு ஆயுள் தண்டனை, இவருக்கு 5 வருடம். 2000இல் அரிசோனாவில் போதை மாத்திரை வியாபாரத்தில் பிடிபட்டு, 2017இல்தான் வெளியே வந்தார். குறுக்கு விசாரணையில் தாக்குப்பிடித்ததை நம்புங்கள். கமராவுக்கு முன்னால் சொல்வதை யார் குறுக்கு விசாரணை செய்தார்கள்?

மட்டக்குளி: அமெரிக்கக் கூலிக்கொலையாளி குக்லின்ஸ்கி 200 பேரைக் கொன்றாராமே?

எண்ணிக்கையை நம்பாதீர்கள். நூற்றுக்கு மேல் என்று அவர்தான் சொன்னார். நீதிமன்றத்தில் தீர்ப்பானவை ஒரு கை விரல்களுக்குள் அடங்கும்.

தெமட்டகொடை: ஒரு கொலைக்கு எவ்வளவு வாங்குவார்கள்?

இதைக் கேட்ட மூன்றாவது ஆள் நீங்கள். சொல்ல மாட்டேன்.

கொட்டாஞ்சேனை: இங்கேயும் கொலையாளி அரச சாட்சியாகலாமா ஐயா?

ஆகலாம். உண்மை முழுவதையும் சொல்ல வேண்டும் என்ற நிபந்தனையோடு மன்னிப்புக் கொடுக்க நம் சட்டத்தில் இடமுண்டு. எதையாவது மறைத்தால் மன்னிப்புப் போய், வழக்கு அவர்மேலேயே திரும்பும். சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 133ஆம் பிரிவு உடந்தையாளியைத் தகுதியான சாட்சியாக ஏற்கிறது. ஆனால் வேறு ஆதாரம் துணை நிற்காவிட்டால் அவரை நம்ப முடியாது என்று நீதிமன்றம் ஊகிக்கலாம் என்கிறது 114. இரண்டையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும்.

வத்தளை: புருஸ்காவை இத்தாலி எப்படி வெளியே விட்டது?

1992 மே 23, சிசிலியின் கபாச்சி நெடுஞ்சாலையில் குண்டை வெடிக்க வைத்த மாஃபியாக்காரர் ஜொவான்னி புருஸ்கா. மாஃபியாவை விசாரித்த நீதிபதி ஃபால்கோனே, அவர் மனைவி, மூன்று மெய்க்காவலர்கள் இறந்தார்கள். சாட்சியாக மாறிய ஒருவரின் 12 வயது மகனைக் கடத்தி, 779 நாள் அடைத்துவைத்துக் கொன்றதும் இவர் கட்டளைதான். 1996இல் பிடிபட்டு, பிறகு அவரும் வாய் திறந்தார். 25 வருடம் கழித்து 2021இல் விடுதலை. இப்படிச் சாட்சி சொல்பவர்களுக்குத் தண்டனையைக் குறைக்க வேண்டும் என்று போராடியவரே ஃபால்கோனேதான். புஷெத்தா என்ற உள்ளாள் பேசியிராவிட்டால், மாஃபியாவுக்கு எதிரான பலெர்மோ பெருவழக்கில் 1987இல் 338 பேர் குற்றவாளிகளாகியிருப்பார்களா? புருஸ்கா வெளியே வந்தபோது ஃபால்கோனேயின் சகோதரி, மனம் வலிக்கிறது, ஆனாலும் இது என் தம்பி விரும்பிய சட்டம், மதிக்கத்தான் வேண்டும் என்ற பொருளில் பேசினார்.

பம்பலப்பிட்டி: அந்தப் பிள்ளையின் தாயிடம் போய் இதைச் சொல்வீர்களா?

மாட்டேன் அம்மா. சொல்ல எனக்கு வாய் வராது.

வத்தளை: அப்போ சட்டம் பிழைதானே?

பிழை இல்லை தம்பி. அவர் பேசாமல் இருந்திருந்தால் இன்னும் எத்தனை தாய்மார்? சாட்சிக் கூண்டில் பேசட்டும், தண்டனை குறையட்டும். அதோடு சரி, மேடை போட்டுக் கொடுக்காதீர்கள். நூற்றுக்கு மேல் கொன்றதாகச் சொன்ன புருஸ்காவுக்கு எல்லாப் பெயரும் ஞாபகமில்லை. என்னிடம் வந்த ஒருவரும் அப்படித்தான்: “செத்தவரின் பெயரைக் குற்றப்பத்திரிகையில்தான் பார்த்தேன் ஐயா.” அன்றிரவு எனக்குச் சோறு இறங்கவில்லை.

பம்பலப்பிட்டி: அவருக்காகவும் வாதாடினீர்களா?

வாதாடினேன். அதுதான் என் தொழில்.

மருதானை: கூலிக்கொலையாளியை ஹீரோவாக வைத்துக் குறும்படம் எடுக்கிறோம், ஆலோசனை?

2025 பெப்ரவரி 19 அன்று சட்டத்தரணி உடையில் ஒருவர் புதுக்கடை நீதிமன்றத்துக்குள்ளேயே வந்து சுட்டார். துப்பாக்கி, வெட்டிக் குடைந்த புத்தகத்துக்குள் வந்தது. அதே உடையைத்தான் நானும் போட்டேன். என்னிடம் ஆலோசனை இல்லை.

கிராண்ட்பாஸ்: என் தம்பி ஒரு சம்பவத்தைக் கண்ணால் கண்டான். பேசப் பயப்படுகிறான்.

இடம், பெயர் எதையும் இங்கே சொல்லாதீர்கள். சாட்சிகளைப் பாதுகாக்க 2023இன் 10ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. பாதுகாப்புக் கேட்கலாம், வேறிடத்திலிருந்து வீடியோ வழியாகச் சாட்சி சொல்லவும் வழியுண்டு. முதலில் நம்பிக்கையான சட்டத்தரணி ஒருவரை நேரில் பாருங்கள். நாளைக்கே போங்கள், தம்பியைத் தனியாக அனுப்ப வேண்டாம்.