மகளின் படத்தை ஆபாசமாக மாற்றிவிட்டார்கள். பள்ளியோ 'பெரிதுபடுத்தாதீர்கள்' என்கிறது

கேள்வி: என் மகள் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். அவளுடைய பிறந்தநாள் படத்திலிருந்து முகத்தை மட்டும் எடுத்து, ஒரு நிர்வாணப் படத்தோடு ஒட்டி, வகுப்பு மாணவர்கள் இருவர் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார்கள். வெளியே சொன்னால் இன்ஸ்டாகிராமிலும் போடுவோம் என்று மிரட்டல் வேறு. பள்ளிக்குப் போகவே மாட்டேன் என்கிறாள். பள்ளியின் பெயர் கெடும், பெரிதுபடுத்தாதீர்கள் என்கிறார் தலைமையாசிரியை. அந்தப் பையன்களின் படத்தைப் பெற்றோர் குழுவில் போட்டு மானத்தை வாங்க வேண்டும் என்கிறார் என் கணவர். போலீஸுக்குப் போனால் மகளின் பெயர் வெளியே வருமா? பையன்களின் எதிர்காலம் பாழாகுமா?

- ஒரு தாய், ஈரோடு

பதில்: அன்புச் சகோதரிக்கு, முதலில் மகளிடம் 'உன் மேல் எந்தத் தவறும் இல்லை' என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். அவளிடமிருந்து போனைப் பிடுங்காதீர்கள். பிடுங்கினால் அது அவளுக்குத் தண்டனையாகத்தான் படும். அடுத்த முறை எது நடந்தாலும் உங்களிடம் சொல்ல மாட்டாள்.

அந்தப் போனில் இருப்பதுதான் உங்கள் சாட்சி. எதையும் அழிக்க வேண்டாம், குழுவிலிருந்து அவசரப்பட்டு வெளியேறவும் வேண்டாம். அனுப்பிய எண், குழுவின் பெயர், தேதி, நேரம், மிரட்டல் வாசகம் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி வையுங்கள். ஆனால் அந்தப் படத்தை யாருக்கும், உறவினருக்கோ பள்ளிக்கோ எனக்கோகூட, ஃபார்வர்டு செய்யாதீர்கள். குழந்தைகளின் ஆபாசப் படத்தை வைத்திருப்பதே எப்போது குற்றமாகும் என்பதை 2024 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் கடுமையாக விளக்கிவிட்டது. சென்னை உயர் நீதிமன்றம் அதற்கு முன் அளித்திருந்த தீர்ப்பையும் ரத்து செய்தது. போனை அப்படியே காவல்துறையிடம் காட்டுங்கள், அதுதான் பாதுகாப்பு.

ஒட்டுப்படம்தானே என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். குழந்தையை ஆபாசமாகச் சித்திரிக்கும் படத்தை உருவாக்குவதும் பரப்புவதும் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67பி பிரிவில் வரும்; முதல் முறைக்கே ஐந்தாண்டு வரை சிறை, பத்து லட்சம் ரூபாய் வரை அபராதம். பாலியல் நோக்கத்தோடு, புனையப்பட்ட படத்தைக் காட்டிக் குழந்தையை மிரட்டுவது, குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் 11ஆவது பிரிவில் குற்றம்.

தலைமையாசிரியை சொல்வதுதான் எனக்குக் கோபத்தை மூட்டுகிறது. போக்சோ குற்றம் நடந்தது தெரிந்தும் தகவல் தராமல் இருப்பதே குற்றம்; தன் கட்டுப்பாட்டில் இருப்பவர் செய்த குற்றத்தை மறைக்கும் நிறுவனப் பொறுப்பாளருக்கு ஓராண்டு வரை சிறை. ஒரு பெண் குழந்தையை வீட்டில் முடக்கிவிட்டுக் காப்பாற்றுகிற பெயர் எந்தப் பள்ளிக்கும் வேண்டியதில்லை. நடந்ததை எழுத்தில் கொடுத்து, நகலில் கையொப்பமும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். பெரும்பாலும் அந்த ஒரு கையொப்பத்துக்குப் பிறகு பேச்சு மாறிவிடும்.

அனைத்து மகளிர் காவல் நிலையத்திலோ மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையத்திலோ புகார் கொடுங்கள். தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்திலும் பதியலாம். குழந்தைகள் உதவி எண் 1098. மகளின் வாக்குமூலத்தை வீட்டிலேயே, கூடுமானவரை உதவி ஆய்வாளர் நிலைக்குக் குறையாத பெண் அதிகாரி, சீருடை இல்லாமல் வந்து பதிவு செய்ய வேண்டும். இரவில் குழந்தையைக் காவல் நிலையத்தில் வைத்திருக்கக் கூடாது. அவள் பெயரையோ பள்ளியையோ ஊடகம் வெளியிட்டால் அது தனிக் குற்றம்.

படம் இன்ஸ்டாகிராமுக்குப் போய்விட்டால் அங்குள்ள புகார் வசதியில் உடனே தெரிவியுங்கள். மார்ஃபிங் செய்த இத்தகைய படங்களை நீக்க, 2021இல் வந்த விதிகள் அதிகபட்சம் 24 மணி நேரம் என்று கெடு வைத்தன. 18 வயதுக்குட்பட்டவர்களுக்கென 'டேக் இட் டவுன்' என்ற இலவசச் சேவையும் உண்டு. படம் உங்கள் போனைவிட்டு வெளியே போகாது. அதன் டிஜிட்டல் அடையாளக் குறியீடு மட்டும் பகிரப்பட்டு, சேவையில் சேர்ந்துள்ள தளங்களில் அது தேடி நீக்கப்படும்.

அந்தப் பையன்களுக்காகவும் கலங்குகிறீர்களே, அதை நான் மதிக்கிறேன். ஆனால் புகார் கொடுத்தால் அவர்கள் வாழ்க்கையே அழியும் என்பது தவறான பயம். 18 வயது நிரம்பாதவர்களை லாக்கப்பில் அடைக்க முடியாது. வழக்கு, சிறார் வழக்குகளை விசாரிக்கும் இளைஞர் நீதிக் குழுமத்துக்குப் போகும். ஏழாண்டுக்குக் குறைவான தண்டனைக்குரிய குற்றம் என்றால் பொதுவாக முதல் தகவல் அறிக்கைகூடப் பதிவாகாது. காவல் நிலையத்தின் பொது நாட்குறிப்பில் எழுதி, சமூகப் பின்னணி அறிக்கையோடு குழுமத்துக்கு அனுப்புவார்கள். ஆகவே காவல் நிலையத்தில் எஃப்ஐஆர் தரவில்லை என்றால் புகாரைத் தட்டிக் கழித்துவிட்டார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். நாட்குறிப்பில் பதிந்தார்களா என்று கேளுங்கள். குழுமம் கண்டித்து அனுப்பலாம், மனநல ஆலோசனைக்கோ சமூக சேவைக்கோ உத்தரவிடலாம். பிற்காலத்தில் வேலைக்கோ படிப்புக்கோ இது தகுதிக் குறைவு ஆகாது என்கிறது இளைஞர் நீதிச் சட்டத்தின் 24ஆவது பிரிவு. செய்ததன் கனம் அந்தப் பையன்களுக்கு இந்த வயதிலேயே புரியட்டும்.

உங்கள் கணவரைத் தடுத்து நிறுத்துங்கள். அவருடைய ஆத்திரம் எனக்குப் புரிகிறது. ஆனால் சிறுவர்களின் அடையாளத்தை வெளியிடுவது இளைஞர் நீதிச் சட்டத்தின் 74ஆவது பிரிவில் குற்றம். ஆறு மாதம் வரை சிறை அல்லது இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். நியாயம் உங்கள் பக்கம் இருக்கும்போது அவர்மீது எதிர்ப்புகார் வர இடம் கொடுக்காதீர்கள்.

வழக்கறிஞருக்குக் கட்டணம் கொடுக்க முடியாதே என்று தயங்கவும் வேண்டாம். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. ஈரோடு நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவை நேரில் அணுகுங்கள், அல்லது 15100 எண்ணில் அழையுங்கள்.