தங்கச்சிமடத்தில் எட்டு மாத லேப்டாப்பில் துரு: வாரண்டி இல்லை என்று சொன்னால் என்ன செய்வது?

கேள்வி இதுதான்: வாங்கி எட்டு மாதம் ஆன லேப்டாப்பில் கீபோர்டின் ஒரு வரிசை வேலை செய்யவில்லை, சார்ஜும் விட்டுவிட்டு ஏறுகிறது. சர்வீஸ் சென்டரில் திறந்து பார்த்துவிட்டு, “உள்ளே துரு, தண்ணீர் பட்டிருக்கிறது, வாரண்டியில் வராது, மதர்போர்டு மாற்ற வேண்டும்” என்று எஸ்டிமேட் கொடுத்திருக்கிறார்கள்.

எஸ்டிமேட்டுக்கு இன்னும் சம்மதம் சொல்லாதீர்கள். பணம் கட்டி வேலை முடிந்துவிட்டால் கழற்றிய பாகம் பெரும்பாலும் திரும்பி வராது. உங்கள் பக்கத்து சாட்சி அந்தப் பாகம்தான்.

தண்ணீர் பட்டதும் துருப்பிடித்ததும் வேறு வேறு விஷயங்கள். நம் கரையோரத்தில் ஒரு சொட்டு நீர் சிந்தாமலே லேப்டாப்பின் உள்ளே துரு வரும். கடல் காற்றில் வரும் உப்புத்தூளை விசிறி உள்ளே இழுக்கிறது. ஈரப்பதம் ஏறத்தாழ 75 சதவீதத்தைத் தாண்டினால் அந்த உப்பு காற்றிலிருந்தே நீரை உறிஞ்சிக் கரைசலாகிவிடும். பாம்பன், மண்டபம், தங்கச்சிமடம் பக்கம் இரவில் அந்த ஈரப்பதம் சாதாரணம். கரைசல் படிந்த இடத்தில் மின்னழுத்தமும் இருந்தால் அரிப்பு பல மடங்கு வேகமாகும். சார்ஜ் பின் முதலில் போவதற்குக் காரணம் இதுதான்.

இரண்டையும் கண்ணால் பிரித்துப் பார்க்கலாம். நீரோ டீயோ சிந்தியிருந்தால் கறை ஓரிடத்தில் இருக்கும். விளிம்பில் வளையம் தெரியும், கீபோர்டுக்குக் கீழே வழிந்த தடம் தெரியும், உள்ளே ஒட்டியிருக்கும் ஈரம்காட்டி ஸ்டிக்கர் சிவந்திருக்கும். உப்புக் காற்றின் வேலை பரவலாக இருக்கும்: விசிறித் துவாரம், யூஎஸ்பி வாய், திருகுத் தலை, கீல் என்று காற்று போகும் வழியெல்லாம் வெள்ளை அல்லது பச்சைப் பொடி. இந்த வேறுபாடு படத்தில் தெளிவாகத் தெரியும். அதனால் வாயால் வாதாட வேண்டாம், மின்னஞ்சலில் கேளுங்கள்: சீரியல் எண் தெரியும்படி எடுத்த உட்புறப் படங்கள், சிவந்த ஸ்டிக்கரின் படம், எந்தப் பாகம் ஏன் பழுது என்ற குறிப்பு, வாரண்டி நிபந்தனையில் எந்த வரியின்படி மறுக்கிறார்கள் என்பது. தண்ணீர் பட்டது என்று மறுக்கும்போது சர்வீஸ் சென்டர்க்காரர்கள் அதை ‘சிஐடி’ என்பார்கள், அதாவது வாடிக்கையாளரால் ஏற்பட்ட சேதம். அந்த மூன்றெழுத்தை மட்டும் எழுதிக்கொடுத்தால் அது பதிலாகாது.

அடுத்து வாரண்டி நிபந்தனையை நீங்களே வாசியுங்கள். ‘திரவம் சிந்துதல்’ மட்டும் விலக்கப்பட்டிருந்து, சிந்திய தடமும் இல்லையென்றால் உங்கள் கை ஓங்கியிருக்கிறது. ‘அரிப்பு’, ‘சூழல் பாதிப்பு’ என்ற சொற்களும் விலக்குப் பட்டியலில் இருந்தால் வழக்கு பலவீனம்தான், இதை மறைத்துச் சொல்வதில் பயனில்லை. அப்போதும் ஒரு பிடி இருக்கிறது. பல மாடல்களின் தொழில்நுட்பக் குறிப்பில் ‘10 முதல் 90 சதவீத ஈரப்பதத்தில் இயங்கும், நீர்த்துளி படியக்கூடாது’ என்று அவர்களே எழுதியிருப்பார்கள். உங்கள் மாடலின் குறிப்பில் அப்படி இருந்தால் அந்தப் பக்கத்தை மின்னஞ்சலோடு இணையுங்கள். இன்னொன்று, புகார் பதியும்போது அறிகுறியை மட்டும் சொல்லுங்கள். “கீபோர்டின் மூன்றாவது வரிசை வேலை செய்யவில்லை” என்பது போதும். “கடலோர வீடு, உப்புக் காற்றாக இருக்கும்” என்று காரணத்தை நீங்களே ஊகித்துச் சொன்னால் அதுவே மறுப்புக்கு வரியாகிவிடும். காரணம் கண்டுபிடிப்பது அவர்கள் வேலை.

மதர்போர்டு என்ற எஸ்டிமேட்டை எனக்கு நம்பத் தோன்றவில்லை. பல மாடல்களில் உருண்டை முனை சார்ஜர் செருகும் வாய் சின்ன ஒயரோடு தனிப் பாகமாகவே வரும், போர்டில் சொருகியிருக்கும். டைப்-சி வாய் என்றால் பெரும்பாலும் போர்டிலேயே பற்றவைத்திருப்பார்கள், அப்போது போர்டு மாற்றச் சொல்வதில் ஓரளவு நியாயம் உண்டு. கீபோர்டு பல மாடல்களில் மேல்மூடியோடு ரிவெட் அடித்திருக்கும், மூடியோடு சேர்த்துத்தான் மாற்ற முடியும். ஆகவே எஸ்டிமேட்டில் ஒவ்வொரு பாகத்தின் எண்ணையும் தனித்தனியாக எழுதித் தரச் சொல்லுங்கள். லெனோவோவில் அதன் பெயர் எஃப்ஆர்யூ எண், டெல்லில் டிபி எண், எச்பியில் ஸ்பேர் பார்ட் எண். முழு வாரண்டி தர மறுத்தாலும், “போர்டில் அரிப்பு என்கிறீர்கள், கீபோர்டு எப்படி விலக்காகும்?” என்று பாகம் பாகமாகப் பிரித்துக் கேட்கலாம்.

லேப்டாப்பைக் கையை விட்டுக் கொடுக்கும் முன்பே செய்திருக்க வேண்டியவையும் உண்டு. அடுத்த முறைக்காவது நினைவில் வையுங்கள். மெஷின் ஆன் ஆகும்போது எச்பியில் எஃப்2 தட்டினால் சோதனைத் திரை வரும், டெல்லில் எஃப்12 தட்டி வரும் பட்டியலில் ‘டயக்னாஸ்டிக்ஸ்’ என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். முழுச் சோதனை ஓட்டி, வரும் பிழை எண்ணைப் படமெடுங்கள். நான்கு பக்கமும், எல்லா வாய்களும், அடிப்பக்க ஸ்டிக்கரும் படத்தில் இருக்கட்டும். ஜாப் ஷீட்டில், அதாவது மெஷினை வாங்கிக்கொண்டு சர்வீஸ் சென்டர் தரும் சீட்டில், ‘வெளிச் சேதம் இல்லை’ என்று எழுதச் சொல்லி, எழுதிய பிறகு கையெழுத்துப் போடுங்கள். தரவை வேறு டிஸ்க்கில் நகலெடுப்பது எல்லாருக்கும் தெரியும், பிட்லாக்கர் (விண்டோஸில் டிஸ்க்கைப் பூட்டும் வசதி) சாவியைத்தான் மறந்துவிடுகிறார்கள். விண்டோஸ் 11 மெஷின்களில் பலவற்றில் டிஸ்க் தானாகவே பூட்டப்பட்டிருக்கும். மதர்போர்டு மாறியதும் 48 இலக்க மீட்புச் சாவி கேட்கும். அது மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும், முன்பே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். சாவி இல்லையென்றால் டிஸ்க் நன்றாக இருந்தும் கோப்புகள் கிடைக்காது. போர்டு மாற்றிக் கொடுத்தால் பயாஸில் (போர்டிலேயே இருக்கும் அடிப்படை மென்பொருள்) பழைய சீரியல் எண்ணே ஏற்றப்பட்டிருக்கிறதா என்று அங்கேயே பாருங்கள். விட்டுவிட்டால் அடுத்த புகாரில் வாரண்டியே காட்டாது.

மின்னஞ்சலுக்குச் சரியான பதில் வரவில்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதியுங்கள். கேஸ் எண், ஜாப் ஷீட், பில் மூன்றும் கையில் இருக்க வேண்டும். அதிலும் தீரவில்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி நீங்கள் குடியிருக்கும் இடத்திலேயே வழக்குப் போடலாம், கம்பெனி இருக்கும் ஊருக்கு அலைய வேண்டாம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை, கால வரம்பு 2 ஆண்டுகள். பழுது சோதனை இல்லாமல் முடிவாகாது என்றால் ஆணையமே பொருளை ஆய்வகத்துக்கு அனுப்பலாம். எஸ்டிமேட்டுக்குச் சம்மதிக்காதீர்கள் என்று முதலிலேயே சொன்னது இதற்காகவும்தான். போட்டோ ஸ்டூடியோவோ இ-சேவை மையமோ நடத்திப் பிழைப்பவர்கள், “வியாபாரத்துக்கு வாங்கியது, நுகர்வோர் ஆக மாட்டோம்” என்று ஒதுங்க வேண்டாம். சுயதொழிலில் பிழைப்புக்காகத் தானே பயன்படுத்த வாங்கியதைச் சட்டம் வணிக நோக்கமாகக் கொள்வதில்லை.

புதிதாக வாங்கப்போகிறவர்களுக்கு: ‘ஆன்சைட்’ என்று பெட்டியில் எழுதியிருந்தால் மட்டும் நம்பாதீர்கள். உங்கள் பின்கோடுக்கு, ராமேஸ்வரம் என்றால் 623526-க்கு, ஆள் வீட்டுக்கு வருவாரா என்று வாங்கும் முன்பே கம்பெனியின் எண்ணில் கேட்டு, பதிலை மின்னஞ்சலில் வாங்குங்கள். ‘அடுத்த வேலைநாள்’ என்பது தொலைபேசியில் பழுதைக் கண்டறிந்து, பாகமும் கைக்கு வந்த பிறகுதான் எண்ணப்படும். விபத்துச் சேதக் காப்பு எடுத்தால் கீழே விழுந்ததும் நீர் சிந்தியதும் அடங்கும், மெல்ல மெல்ல வரும் துரு பெரும்பாலும் அடங்காது. அந்த வரியைப் படிக்காமல் பணம் கட்டாதீர்கள். மூன்று வருட வாரண்டியிலும் பேட்டரிக்குப் பொதுவாக ஒரு வருடம்தான். கம்பெனி இணையதளத்தில் வாரண்டி தொடங்கிய நாள், பல நேரம் சரக்கு கடைக்குப் போன நாளாகக் காட்டும். வாங்கிய வாரத்திலேயே பில்லை ஏற்றித் திருத்திக்கொள்ளுங்கள். கீழக்கரை பக்கம் துபாயிலிருந்து கொண்டுவந்த மெஷின்கள் நிறைய உண்டு. அவற்றுக்கு இந்தியாவில் வாரண்டி செல்லுமா என்று சீரியல் எண்ணைக் கொடுத்துக் கேளுங்கள். செல்லும் என்றாலும் அரபு எழுத்துள்ள கீபோர்டு இங்கே இருப்பில் இருக்காது.

துருவைத் தள்ளிப்போட, கடலைப் பார்த்த ஜன்னலோரம் மேசை போடாதீர்கள். தினமும் கொஞ்ச நேரமாவது மெஷினை ஓட்டுங்கள், உள்ளே சூடு இருந்தால் ஈரம் தங்காது. மாதக்கணக்கில் மூடிக்கிடக்கும் லேப்டாப்தான் சீக்கிரம் துருப்பிடிக்கும். ஊருக்குப் போகும்போது இறுக்கமான மூடியுள்ள டப்பாவில் 100 கிராம் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள், நிறம் மாறினால் ஜெல்லை மாற்றுங்கள். அரிசிக்குள் புதைப்பது வேண்டாம், அதன் மாவு வாய்களில் அடைத்துக்கொள்ளும். குளிரூட்டிய அறையிலிருந்து வெளியே கொண்டுவந்தால் அரை மணி நேரம் பைக்குள்ளேயே விட்டு, அதன் பிறகு ஆன் செய்யுங்கள்.