விடியற்காலையில் மீன் மேலே வருகிறதா? போத்தலில் தண்ணீர் கொண்டு போகாதீர்கள்

கேள்வி: வீட்டில் மூன்றடி உப்புநீர்த் தொட்டி வைத்திருக்கிறேன். கோமாளி மீன்கள் விடியற்காலையில் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன. தொட்டித் தண்ணீரைப் போத்தலில் கொண்டுபோனேன். கடைக்காரர் அதில் ஒரு பட்டியை நனைத்து, ‘ஒட்சிசன் 4’ என்று சொல்லி, ஒட்சிசன் வில்லை ஒரு பெட்டி விற்றார். அதைப் போடலாமா? ஒட்சிசனைச் சரியாகச் சோதிப்பது எப்படி?
– வாசகர், கல்லடி

பதில்: போடாதீர்கள். இத்தகைய வில்லைகள் பெரும்பாலும் பெரொட்சைட்டை வெளிவிடுபவை. அளவு தப்பினால் மீனின் பூவும் (செவுளும்) கெடும், வடிகட்டியில் வாழும் நல்ல பக்டீரியாவும் சாகும். அளவோடு போட்டாலும் சில மணி நேரத்தில் பழைய கதைதான்.

அந்த ‘4’ எங்கிருந்து வந்தது என்று கடைக்காரரையே கேளுங்கள். நனைக்கும் பட்டிகளில் உள்ள கட்டங்கள் நைத்திரேற்று, நைத்திரைற்று, பீ.எச்., கடினத்தன்மை போன்றவற்றுக்கானவை. ஒட்சிசனுக்கு அதில் கட்டமே கிடையாது. சரியான கருவி இருந்திருந்தாலும் பயனில்லை. மோட்டார் சைக்கிளில் குலுங்கிக்கொண்டு போன போத்தலில் காற்று கலந்துவிடும். மூடியபடி வெயிலில் கிடந்தால் உள்ளே இருக்கும் கிருமிகள் ஒட்சிசனைத் தின்றுவிடும். ‘கொழும்புக்கு அனுப்பி அறிக்கை எடுத்துத் தருகிறோம்’ என்று காசு கேட்கும் தரகர்களிடமும் இதே காரணத்துக்காகச் சிக்காதீர்கள். எடுத்த இடத்திலேயே மருந்து விட்டு ஒட்சிசனைக் கட்டிவைக்காத தண்ணீரின் அறிக்கை வெறும் கடதாசி.

சோதனையைத் தொட்டிக்கு அருகிலேயே, விளக்குப் போடுவதற்கு முன் செய்யுங்கள். இரவில் பாசியும் பவளமும்கூட மீனோடு சேர்ந்து ஒட்சிசனைச் செலவழிப்பதால் விடியற்காலை அளவுதான் மிகக் குறைவாக இருக்கும். அன்று மாலையும் ஒருமுறை பாருங்கள். சொட்டு மருந்து டெஸ்ட் கிட் போதும். அதன் சிறு போத்தலைத் தண்ணீருக்குள் அமிழ்த்தி, ஒரு குமிழிகூட இல்லாமல் நிரப்ப வேண்டும். முதல் இரண்டு மருந்துகளையும் விட்டு மூடியதும் அடியில் மண்டி படியும். மண்டி வெள்ளையாக இருந்தால் ஒட்சிசன் இல்லை, கபிலம் கூடக்கூட ஒட்சிசன் அதிகம். அடுத்தது அமிலம், ஆகவே கையுறை போடுங்கள், பிள்ளைகளைத் தள்ளி நிற்கச் சொல்லுங்கள். பெட்டியில் காலாவதித் திகதி சுரண்டப்பட்டிருந்தால் வாங்காதீர்கள். அதைப் பற்றி முறையிடப் போனால் ஒரு கந்தோர் அடுத்த கந்தோரைக் கைகாட்டும். அதற்குள் மீன் செத்துவிடும்.

மீட்டர் வாங்குவதானால் உப்பளவைத் திருத்தும் வசதி உள்ளதா என்று பாருங்கள். 30 பாகைச் சூட்டில் நன்னீர் லீற்றருக்கு ஏறத்தாழ 7.5 மில்லிகிராம் ஒட்சிசனைப் பிடித்துவைக்கும், கடல்நீர் 6.2 அளவில் நின்றுவிடும். திருத்தாத மீட்டர் 7.5 காட்டும், நீங்கள் மகிழ்ந்து போவீர்கள். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் தொட்டி 30 பாகையைத் தாண்டினால் உச்சமே இவ்வளவுதான். விடியற்காலையில் 5க்கு மேல் இருந்தால் கவலை வேண்டாம். 4க்குக் கீழே போனால் உடனே செயற்பட வேண்டும்.

செயற்படுவது என்றால் மேற்பரப்பைக் கலக்குவதுதான். பம்பின் வாயை மேல்நோக்கித் திருப்பி, நீர்ப்பரப்பு முழுவதும் அலை எழச் செய்யுங்கள். கண்ணாடி மூடியை எடுத்துவிட்டு வலை போடுங்கள். மேலே எண்ணெய்ப் படலம் இருந்தால் வெள்ளைக் கடதாசியை விரித்து எடுத்துவிடுங்கள். மின்விசிறி வைத்தால் சூடு இறங்கும், ஆனால் ஆவியாகும் நீருக்கு ஈடாக நன்னீரை மட்டுமே விடவேண்டும். வாவித் தண்ணீர் வேண்டாம், மழைக்குப் பிறகு அதன் உப்பளவு நம்பத்தக்கதல்ல.

ஒரு விலக்கைக் கவனமாக வாசியுங்கள். மீன் விடியற்காலையில் மட்டுமல்ல, நண்பகலிலும் மாலையிலும் அதே வேகத்தில் மூச்சு வாங்கி, கிட்டும் 6 காட்டினால், கோளாறு ஒட்சிசனில் இல்லை. முதலில் அமோனியாவைச் சோதியுங்கள். அது பூச்சியமாக இருந்தால் அறையை இருட்டாக்கி, டோர்ச் விளக்கை மீனின் பக்கவாட்டில் சாய்த்துப் பிடியுங்கள். தோலில் பொன் தூசு தூவியது போல் தெரிந்தால் அது வெல்வெட் நோய். அந்த ஒட்டுண்ணி முதலில் பூவைத்தான் பிடிக்கும், தோலில் தெரியுமுன்னரே மீன் மூச்சுத் திணறும். ஆகவே தூசு தெரியவில்லை என்பதற்காக நோய் இல்லை என்று முடிவுகட்டாதீர்கள், அண்மையில் புதிய மீன் விட்டீர்களா என்று நினைத்துப் பாருங்கள். வெல்வெட் நோய்தான் என்றால் எல்லா மீன்களையும் வேறு தொட்டிக்கு மாற்றி, அங்கேதான் செம்பு மருந்து கொடுக்க வேண்டும். பவளமும் இறாலும் உள்ள தொட்டியில் செம்பை விட்டால் அவை மிஞ்சாது.

மின்தடைக்குப் பற்றரியில் ஓடும் எயார் பம்ப் ஒன்றை வாங்கி வையுங்கள். மின்சாரம் இல்லாத நேரத்தில் இரை போடாதீர்கள். வெளியே வைக்கும் மூடிய வடிகட்டி சில மணி நேரம் நின்றிருந்தால், மின்சாரம் வந்ததும் அதன் தண்ணீரைத் தொட்டிக்குள் விடாமல் வாளியில் ஊற்றிவிடுங்கள். உள்ளே இருப்பது நஞ்சு.